சுவரோரத்துப் பதினோரு செடிகள்

அந்த ஆராய்ச்சி நிலையத்தில் யாரும் அவனைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. 'குழாய்' என்றால்தான் திரும்பிப் பார்ப்பான். காலையில் தோளில் ஏறும் ரப்பர் குழாய் மாலையில்தான் இறங்கும். அப்படிப்பட்டவனுக்கு வேறென்ன பெயர் வைப்பார்கள்? அவனுக்கு அதில் வருத்தமும் கிடையாது. அதற்கு முன்னால் எட்டு வருஷம் ஒரு பழக்கன்றுப் பண்ணையில் வேலை பார்த்தான். அங்கே அவன் பெயர் 'ஏய்'. ஏய்க்குக் குழாய் எவ்வளவோ தேவலை.

இந்த வேலையை வாங்கிக் கொடுத்தது அவனுடைய அக்கா. கூடப் பிறந்தவள்தான். அம்மா போன பிறகு அவனுக்குச் சட்டை மாட்டிப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பியவள். அவனுக்குப் படிப்பு ஏறவில்லை. இவள் மட்டும் இரண்டு பேருக்கும் சேர்த்துப் படித்து டாக்டரானாள். ஊசி போடும் டாக்டர் இல்லை, மரத்துக்கு டாக்டர். நாற்பத்தைந்து வயதாகியும் கல்யாணம் கார்த்திகை என்று யாராவது வாயைத் திறந்தால் போதும், "என் தொண்ணூத்தாறு பிள்ளைங்களை யார் பாத்துக்குவாங்க?" என்று கேட்டு வாயை அடைத்துவிடுவாள். தொண்ணூற்றாறு என்று அவள் சொன்னது நிலையத்தின் பசுமைக்குடிலுக்குள் இருந்த தொட்டிச் செடிகளை.

அந்தச் செடிகளின் கதையைச் சொல்லாமல் மேலே போக முடியாது. ஊருக்குக் கிழக்கே ஒரு ஏரி இருந்தது. வற்றி வற்றி, இப்போது கண்ணுக்கெட்டிய தூரம் உப்புத் தரை. காற்று கிளம்பினால் அந்த உப்புத் தூள் ஊருக்குள் வரும். கொடியில் காயும் துணி விறைக்கும், குழந்தைகள் இருமும், ஜன்னலைச் சாத்தினால் புழுங்கும், திறந்தால் கண் எரியும். தரை முழுக்கச் சவுக்கு நட்டுக் காற்றை மறிப்பது என்று முடிவானது. நிலையத்தார் தேர்ந்தெடுத்த சவுக்கு வகையில் ஆண் மரம் வேறு, பெண் மரம் வேறு. ஆண் மரம் பூந்தூளை உதிர்த்துவிட்டு, வந்த வேலை முடிந்தது என்று நிற்கும். பெண் மரம்தான் பொட்டுப் பொட்டாகச் சிவப்புப் பூ விட்டு, அது காயாகி, காய் முற்றி, விதை பறக்கும் வரைக்கும் தாங்க வேண்டும். அதற்குத் தண்ணீர் வேண்டும், சத்து வேண்டும். உப்பும் வறட்சியும் சேர்ந்து அடித்தால் பெண் முதலில் விழும், ஆணை மட்டும் நட்டால் போதும் என்பது நிலைய இயக்குநரின் கட்சி.

அக்கா ஒத்துக்கொள்ளவில்லை. "வெறும் ஆணா நட்டா விதை எங்கேருந்து வரும் சார்? இருபது முப்பது வருஷத்துல கிழடு தட்டி விழும். மறுபடியும் மொட்டைத் தரைதான். நீங்க சொல்றது காடு இல்லை, வேலி."

"சரி சரி. பெண் மரம் உப்புல நிக்கும்னு காட்டுங்க. ரெண்டு வருஷம் தர்றேன்" என்றார் இயக்குநர். அவர் எதற்கெடுத்தாலும் சரி சரி என்பார். அதில் சம்மதம் எது, சலிப்பு எது என்று கண்டுபிடிக்கத் தனி ஆராய்ச்சி வேண்டும்.

வளர்ந்த மரங்களிலிருந்து இளங்கிளைகளைப் போத்தாக வெட்டி, ஆண் நாற்பத்தெட்டு, பெண் நாற்பத்தெட்டு என்று வேர் பிடிக்க வைத்தாள் அக்கா. ஒரு நீள மேசையில் நாலு வரிசை, வரிசைக்கு இருபத்துநாலு தொட்டி, ஆணும் பெண்ணும் கலந்து. ஒருநாள் விட்டு ஒருநாள் பீப்பாயில் கரைத்த உப்புத் தண்ணீர், மாதத்துக்கு மாதம் உப்பு ஏறும். பக்கத்து மேசையில் ஒப்பிட்டுப் பார்க்க நாற்பது செடிகள் நல்ல தண்ணீரில். முதல் நாளே தம்பியை நிறுத்தி வைத்துச் சொன்னாள்: "தண்ணி ஊத்து. களை எடு. வேற ஒண்ணும் செய்யாதே." அவனும் தலையாட்டினான்.

இரண்டு வருஷம் முடிந்தது. முடிவைக் கேட்டால் யாருக்கும் வாய் பிளந்துவிடும். உப்புத் தண்ணீர் குடித்த பெண் செடிகள் ஆண் செடிகளுக்கு ஒரு விரல்கடைகூடக் குறையாமல் நின்றன. அக்கா பூரித்துப் போனாள். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் தம்பி வீட்டுக்குச் சாப்பிட வந்தவள், தட்டைக்கூட ஒதுக்கிவிட்டு அறிக்கையைப் படித்துக் காட்டினாள். தம்பி பெண்டாட்டி வீட்டிலேயே துணி தைப்பவள். அவள்கூட மெஷினை நிறுத்திவிட்டு வந்து உட்கார்ந்தாள்.

"ஏன் தெரியுமா நின்னுச்சு? அங்கதான் விஷயமே இருக்கு. நல்ல தண்ணி மேசையில பெண் செடி பூத்துக் குலுங்குது, காய்க்குது. உப்பு மேசையில ஒண்ணுகூடப் பூக்கலை. ஆபத்துன்னு தெரிஞ்சதும் பூக்கறதைத் தானே நிறுத்திக்குது. இப்ப வேணாம், அப்புறம் பாத்துக்கலாம்னு உயிரைப் பிடிச்சு வெச்சுக்குது. இதை இதுவரைக்கும் யாரும் சொன்னதில்லை!"

"பெண்ணுன்னா சும்மாவா அண்ணி? நாலும் யோசிச்சுத்தான் செய்வோம்" என்றாள் தம்பி பெண்டாட்டி, புருஷனை ஓரக்கண்ணால் பார்த்து. "இவருக்கு ஒரு கடைக்குப் போனா எதுக்கு வந்தோம்னே மறந்துடும்."

அக்கா விழுந்து விழுந்து சிரித்தாள். அவனுக்குச் சிரிப்பு வரவில்லை. வாய்க்குப் போன கவளம் பாதியில் நின்றது. பூக்கவில்லையா? தினம் பூத்ததே! அவன்தானே கிள்ளிப் போட்டான்!

இதைக் கேட்டு அவனை முட்டாள் என்று நினைத்தால் அது நியாயமில்லை. பழக்கன்றுப் பண்ணையில் எட்டு வருஷம் அவனுக்குச் சொல்லிக் கொடுத்ததே அந்த ஒரு பாடம்தான்: இளங்கன்று பூத்தால் கிள்ளு, இல்லாவிட்டால் கன்று காய்ப்பிலேயே தேய்ந்து போகும். தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும் என்பார்களே, அதுபோல அவன் விரலுக்கு அது ஊறிப்போயிருந்தது. காலை ஆறு மணிக்கு, அக்கா வருவதற்கு மூன்று மணி நேரம் முன்னால், இடது கையில் குழாயும் வலது கையில் வேலையுமாக மேசையைச் சுற்றி வருவான். வாடிய பெண் செடியில் சிவப்புப் பொட்டு தெரிந்தால் நகத்தால் ஒரு கிள்ளு, அவ்வளவுதான். ஆண் பூ தானாக விழுந்துவிடும், அதைத் தொடுவானேன்? நல்ல தண்ணீர் மேசைச் செடிகள் திடமாக இருந்தன, காய்த்துவிட்டுப் போகட்டும் என்று விட்டுவிட்டான். களை பிடுங்குவதை யாராவது போய்ச் சொல்லிக்கொண்டிருப்பார்களா? அவன் கணக்கில் இதுவும் களைதான்.

அக்கா போன பிறகு பெண்டாட்டியிடம் சொன்னான். அவள் தலையில் கையை வைத்துக்கொண்டாள்.

"யாருக்காவது தெரியுமா?"

"தெரியாது."

"அப்ப வாயைத் திறக்காதீங்க. வெள்ளிக்கிழமை அண்ணி, எதை நடறதுன்னு முடிவு பண்ற குழுவுக்கு முன்னாடி நின்னு பேசப்போறாங்க. ரெண்டு வருஷமா அவங்க தூங்கலை. நீங்க போயி ஒரு வார்த்தையில தீயை வைக்கப்போறீங்களா?"

"இதை நம்பி ஒம்பதாயிரம் கன்னு நடப்போறாங்க. பாதி பெண்ணு. அங்க பூக்குமே."

"பூத்தா?"

"காய்ச்சுக் காய்ச்சுச் சாகும்."

அவள் மெஷினில் போய் உட்கார்ந்தாள். நாலு தையல் ஓட்டிவிட்டு, "நான் கெட்டவளா சொல்லலைங்க, எனக்குப் பயமா இருக்கு" என்றாள். பயம் அவனுக்கும் இருந்தது. வேலை போகும் என்பதில்லை, பண்ணைக்குப் போனால் ஏய் என்று கூப்பிட இன்றைக்கும் ஆள் இருக்கிறது. அக்கா முகத்தில் தன்னால் சந்தோஷம் அழிவதைப் பார்க்க வேண்டுமே என்பதுதான் அவனை அரித்தது. உலகத்தில் அவனைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறவள் அவள் ஒருத்திதான்.

திங்கள் போனது, செவ்வாய் போனது. உப்பு மேசைக்குத் தண்ணீர் ஊற்றும்போது அவன் கை தானாகப் பூவுக்குப் போனது, சுட்டதுபோல இழுத்துக்கொண்டான். புதன்கிழமை மத்தியானம் அக்கா குடிலில் தனியாக உட்கார்ந்து வெள்ளிக்கிழமைக்கான படங்களை அடுக்கிக்கொண்டிருந்தாள். அவன் குழாயைக் கீழே போட்டுவிட்டு எதிரில் போய் நின்றான்.

"அக்கா, பூ நின்னது அதுவா நிக்கலை. நான் கிள்ளினேன்."

"எதை?"

"பெண் செடிப் பூவை. ரெண்டு வருஷமா. உப்பு மேசையில மட்டும்."

அவள் முதலில் சிரித்தாள். "விளையாடாதேடா, எனக்கு வேலை இருக்கு." அவன் சிரிக்காமல் நிற்பதைப் பார்த்துப் படங்களைக் கீழே வைத்தாள். "எப்படிக் கிள்ளினே? காட்டு." அவன் மேசைக்குப் போய், ஒரு கிளையைத் திருப்பி, ஊசி இலைகளுக்கு நடுவில் அன்று காலை விட்டுவைத்திருந்த ஒரு சிவப்புப் பொட்டைக் காட்டினான். அவள் கண்ணாடியைக் கழற்றி, துடைத்து, மாட்டி, மறுபடியும் பார்த்தாள்.

"தண்ணி ஊத்து, களை எடு, வேற ஒண்ணும் செய்யாதேன்னு சொன்னேனா இல்லையா?"

"சொன்னேக்கா. வாடிப்போய் இருந்துச்சு. பாவமா இருந்துச்சு. பண்ணையில அப்படித்தான் செய்வோம்."

"பாவமா இருந்துச்சாம்! கொன்னுட்டு நின்னு பேசறான் பாரு!" அவள் குரல் உடைந்துவிட்டது. "ரெண்டு வருஷம்டா! நான் ஊர் பூரா சொல்லிட்டேன், செடி யோசிக்குது, பூவைத் தள்ளிப்போடுதுன்னு. உன் நகத்தை வெச்சு நான் ஒரு கண்டுபிடிப்பு எழுதியிருக்கேன்!"

திட்டினாள். வாய்க்கு வந்தபடி திட்டினாள். அவன் வாங்கிக்கொண்டு நின்றான். அவள் மூச்சு வாங்கியபோது, அவனுக்கு உண்மையிலேயே புரியாத ஒன்றைக் கேட்டான். வாதாட வேண்டும் என்றெல்லாம் அவனுக்குத் தோன்றவே இல்லை, அவனுக்கு அந்தச் சாமர்த்தியமும் கிடையாது.

"எல்லாத்தையும் கிள்ளலைக்கா. கடைசி வரிசை சுவரை ஒட்டி இருக்குல்ல, அங்க கை எட்டாது. கம்புல குழாயைக் கட்டித்தான் ஊத்துவேன். அந்தப் பதினோரு பெண் செடியும் பூத்துச்சே, காய்ச்சுச்சே. அப்புறம்தானே ஒண்ணொண்ணா செத்துச்சு? அதை நீ அறிக்கையில படிக்கவே இல்லையே?"

"அது சுவர் வெப்பம். சுவர் சூடு தாங்காம பூத்துச்சு, செத்துச்சு. அந்த வரிசையையே கணக்குல சேர்க்கலை."

"சரிக்கா. ஆனா அதே வரிசையில ஆண் செடி பதிமூணு இருந்துச்சே. அதுங்களுக்குச் சுவர் சுடலையா?"

அக்கா திரும்பி அந்தக் கடைசி வரிசையைப் பார்த்தாள். மேசை ஓரத்தைப் பிடித்துக்கொண்டு மெல்ல நாற்காலியில் உட்கார்ந்தாள். பதிமூன்றில் ஒன்றுகூடச் சாகவில்லை என்பது அவளுக்குத் தெரியாதா? அவள்தானே மாதா மாதம் அளந்தாள்.

"தெரியும்டா" என்றாள். "அந்தப் பதினொண்ணும் என் கண்ணு முன்னாலதான் செத்துச்சு. சுவர்னு எழுதினேன். எழுதும்போதே கை கூசுச்சு. ஆனா மீதி முப்பத்தேழு நிக்குதேன்னு மனசைத் தேத்திக்கிட்டேன்." முகத்தை இரண்டு கையாலும் மூடிக்கொண்டாள். "நீ தெரியாம செஞ்சே. நான் படிச்சவ. முழுப் பூசணிக்காயைச் சோத்துல மறைச்சிருக்கேன்."

அவனுக்கு அழுகை வந்துவிட்டது. தான் பண்ணியதைவிட அவள் பண்ணியது பெரிது என்று அவனுக்குத் தோன்றியது. அப்படித் தோன்றியதற்காகத் தன்மேலேயே கோபமும் வந்தது.

வெள்ளிக்கிழமை அவள் குழுவுக்கு முன்னால் நின்று எல்லாவற்றையும் சொன்னாள். தம்பி கிள்ளியதையும் சொன்னாள், தான் பதினோரு செடிகளைக் கணக்கிலிருந்து எடுத்ததையும் சொன்னாள். அவன் கதவுக்கு வெளியே நின்றிருந்தான். இயக்குநர் மட்டும் இரண்டு தரம் சரி சரி என்றது கேட்டது. பத்து நிமிஷத்தில் முடித்துவிட்டார்கள். ஏரித் தரையின் வடக்குப் பாதியில் உடனே ஆண் கன்று நடுவது. தெற்குப் பாதிக்கு ஒரு பருவம் பொறுப்பது. அதற்குள் சரியான கணக்கு வந்து, பூத்துக் காய்த்தும் பெண் நின்றால் அங்கே பெண்ணும் உண்டு, இல்லாவிட்டால் அதிலும் ஆண்தான். அக்காவின் பிரிவுத் தலைவி நாற்காலி போனது. குடில் மட்டும் மிஞ்சியது.

அன்றைக்கே வராந்தாவில் ஒரு பாட்டுக் கிளம்பிவிட்டது: தம்பி கிள்ளினான், அக்கா அள்ளினாள். ஊர் வாயை மூட உலைமூடி ஏது? அவன் காதில் விழும்படியே பாடினார்கள். அவன் குழாயைத் தோளில் மாட்டிக்கொண்டு கடந்து போனான்.

மறுநாள் அக்கா அவனைக் குடிலுக்குள் கூப்பிட்டாள். மூன்று நாளில் அவள் முகம் சுண்டிப்போயிருந்தது.

"உன்னை நிறுத்தச் சொன்னாங்க. மாட்டேன்னுட்டேன். இந்த முப்பத்தேழும் ஒவ்வொண்ணா உனக்குத்தான் தெரியும். ஆனா ஒண்ணு கேக்கறேன், நல்லா யோசிச்சுச் சொல்லு. இதுங்க பூக்கும். காய்க்கும். உன் கண்ணெதிர்ல வாடும். கையை வெச்சுக்கிட்டுச் சும்மா நிக்க முடியுமா?"

"முடியும்கா."

"பாவம்னு தோணும்."

"தோணும். நிக்கறேன்."

சொல்வது சுலபம். காலையில் தண்ணீர் ஊற்றும்போது வலது கையைக் கால்சட்டைப் பைக்குள் விட்டுக்கொள்வான். அப்படியும் விரல் உள்ளே துடிக்கும். இரண்டு வருஷம் தடுத்து வைத்ததற்கெல்லாம் வட்டியும் முதலுமாக அந்தச் செடிகள் பூத்தன. மூன்றாவது வாரம் மேசை முழுக்கச் சிவப்புப் பொட்டு. பிறகு பொட்டு பருத்து, பச்சையாகி, சிறு காயானது. பெண் செடிகளின் ஊசி நுனி பழுத்தது, பழுப்பு கீழே இறங்கியது. ஆண் செடிகள் அதே உப்பைக் குடித்துக்கொண்டு கல்லுப் பிள்ளையார்போல நின்றன. எட்டாவது வாரம் முதல் செடி செத்தது. பத்தாவது வாரம் முடிவதற்குள் ஆறு. ஒவ்வொன்றின் எண்ணையும் அவனே அக்காவுக்குப் படித்துச் சொன்னான், அவள் எழுதிக்கொண்டாள். வீட்டுக்குப் போனால் சாப்பாடு இறங்கவில்லை. "உங்களுக்கு என்னதான் ஆச்சு?" என்று பெண்டாட்டி கேட்டால், "ஒண்ணுமில்லை, சாகறதை எண்ணிட்டு வர்றேன்" என்பான்.

பதினோராவது வாரம், ஒரு மத்தியானம், இருவருமாக அளந்துகொண்டு வந்தார்கள். நாற்பதாம் எண் செடிக்கு முன்னால் நின்றார்கள். பெண் செடிகளில் அதுதான் உயரம். போத்து வெட்டியபோது கையளவு இருந்ததை அக்கா தன் மேசையிலேயே ஒரு மாதம் வைத்துப் பார்த்துக்கொண்டாள். இப்போது கீழ்க்கிளை பழுத்திருந்தது. மேல்கிளையில் புதுப் பூ விட்டிருந்தது.

அவன் அளவுகோலை நிறுத்திக்கொண்டிருந்தான். அக்காவிடமிருந்து பேச்சு வரவில்லையே என்று திரும்பினால், அவள் பென்சிலைக் காதில் செருகிவிட்டு மேல்கிளையை வளைத்துப் பிடித்திருந்தாள். கட்டைவிரலும் சுட்டுவிரலும் ஒரு பூவின் அடியில் இருந்தன. அவன் அளவுகோலை விட்டுவிட்டு அவள் மணிக்கட்டைப் பிடித்தான்.

"வேணாம்கா."

"இது ஒண்ணு மட்டும்டா. முப்பத்தாறு உண்மை சொல்லட்டும். இது ஒண்ணு பொழைச்சுக்கட்டும்." அவள் கண் அவனைப் பார்க்கவில்லை, பூவையே பார்த்துக்கொண்டிருந்தது. "ஒண்ணாவது நின்னுச்சுன்னு நான் போய்ச் சொல்ல வேணாமா? இதுவும் போச்சுன்னா தெற்குப் பாதியும் ஆம்பளைக்கு எழுதிடுவாங்க. ரெண்டு வருஷத்துல எனக்குன்னு என்னடா மிஞ்சும்?"

அவனுக்கு அவளைக் கட்டிக்கொண்டு அழ வேண்டும்போல இருந்தது. சரி, கிள்ளிக்கோ, நான் திரும்பி நின்னுக்கறேன் என்று சொல்ல நாக்கு நுனி வரைக்கும் வந்தது.

"அக்கா, இதைக் காட்டி அந்த உப்புத் தரையில ரெண்டாயிரத்துச் சொச்சம் பெண் கன்னு நடுவே" என்றான். "அங்க தினம் காலையில யார் போய்க் கிள்ளுவா?"

அவள் விரல் தளர்ந்தது. கிளை அவள் கையிலிருந்து விடுபட்டு மேலே எழும்பி ஆடியது. மேசையோரம் சாய்ந்து நின்று, வாயை முந்தானையால் பொத்திக்கொண்டு அழுதாள். அவன் அவள் மணிக்கட்டை விடாமல் பிடித்துக்கொண்டே நின்றான். "நாமதாண்டா கொல்றோம்" என்றாள் நடுவில். "ஆமாக்கா" என்றான் அவன்.

அழுகை நின்றதும் அவள் காதிலிருந்து பென்சிலை எடுத்தாள். அவன் அளவுகோலை மறுபடியும் செடியோடு சேர்த்து நிறுத்தினான்.

"உயரம் எண்பத்தேழு சென்டி. போன தடவையும் அதேதான், ஏறலை. கீழே காய் ஒம்பது. மேல பூ பதினாறு."

"பதினாறு" என்று எழுதிக்கொண்டாள். அவன் பீப்பாயிலிருந்து உப்புத் தண்ணீரை மொண்டு அந்தச் செடிக்கு ஊற்றினான்.